ஏழு வருஷம் நம்பிய கம்பெனி, புது போனில் அரக்குச் சேலை தக்காளிச் சிவப்பாக வருகிறது

சுங்குடிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் போன் பற்றி அவ்வளவாகத் தெரியாது, சேலை பற்றித் தெரியும். ஊர் சின்னாளப்பட்டி. வீட்டில் இருந்தபடியே வாட்ஸ்அப்பில் சுங்குடிச் சேலை விற்கிறேன். கடை, போர்டு எதுவும் கிடையாது. திண்ணையில் ஒரு கொடிக்கயிறு, அதில் சேலை, அதற்கு எதிரே என் போன். என் கடை அவ்வளவுதான்.

2018இல் 13,999 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினேன். கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை, புகார் இன்னும் சர்வீஸ் சென்டரில் நிலுவையில் இருக்கிறது. அந்தப் போன் எனக்கு ஏழு வருஷம் உழைத்தது. மூன்று தடவை கீழே விழுந்தது, ஒரு தடவை சாய வாளிக்குள்ளேயே விழுந்தது. அதன் ஒரு ஓரத்தில் இன்றைக்கும் ஊதாக் கறை இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யார் போன் வாங்கப் போனாலும் "அந்தக் கம்பெனியிலேயே வாங்கு" என்று சொல்லி அனுப்புவேன். தம்பி, நாத்தனார், எதிர்வீட்டு டீச்சர் என்று நான்கு பேரை அப்படி வாங்க வைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் பழைய போனின் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. பேட்டரி உப்பிவிட்டது என்றார்கள். சரி என்று ஆடித் தள்ளுபடியில் அதே கம்பெனியின் புது மாடலை திண்டுக்கல்லில் 17,999 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் 108 மெகாபிக்சல் என்று போட்டிருந்தது. பழையதில் 12தான். 12லேயே அவ்வளவு நன்றாக வந்ததே, 108 என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் எடுத்தது அரக்கு நிறச் சேலை, மஞ்சள் கரை. போனில் பார்த்தால் தக்காளிச் சிவப்பு. கத்தரிப்பூ நிறம் நீலமாகிவிட்டது. மாந்தளிர் நிறத்தைக் கேட்கவே வேண்டாம், பிள்ளைகளின் கலர் பென்சில் மாதிரி இருந்தது. ஓசூரில் இருந்து ஒரு அக்கா, படத்தைப் பார்த்து வாங்கியவர், திருப்பி அனுப்பிவிட்டார். "நீ காட்டினது ஒண்ணு, அனுப்பினது ஒண்ணு" என்றார். ஏழு வருஷத்தில் இந்தப் பேச்சை நான் கேட்டதில்லை. கூரியர் காசு இரண்டு பக்கமும் என் தலையில்.

நிறமாவது பரவாயில்லை, வாயால் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். என்னால் தாங்க முடியாதது புள்ளி. கைமுடிச்சுச் சுங்குடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு புள்ளி ஒரே மாதிரி இருக்காது. துணியைக் கிள்ளி நூல் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் ஒரு சின்ன வெள்ளை வளையம், நடுவில் பொட்டு மாதிரி சாயம், சுற்றிலும் லேசாகக் கசிந்த விளிம்பு. அந்தக் கசிவுதான் கைவேலைக்கு அடையாளம். மெழுகு அச்சிலோ பிரிண்டிலோ அது வராது. புது போன் அந்தக் கசிவை வழித்துத் துடைத்துவிடுகிறது. புள்ளியெல்லாம் ஒரே அளவாக, கறுப்புப் பேனாவால் ஓரம் வரைந்த மாதிரி நிற்கிறது. நேற்று ஒரு புது வாடிக்கையாளர் கேட்கிறார், "இது பிரிண்ட்தானே, எதுக்கு 850?"

இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். வெயில் நேரத்தில் பத்துப் பதினைந்து படம் எடுத்தால் போன் சூடாகிறது, கேமரா தானாக மூடிக்கொள்கிறது. அப்புறம் அந்தப் பூட்டுத்திரை விளம்பரம். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சேலை காட்டலாம் என்று போனை எடுத்தேன், திரை முழுக்க "5 நிமிடத்தில் கடன்". அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "கடன் வாங்கியிருக்கியாம்மா?" என்று கேட்டார்.

சர்வீஸ் சென்டர் திண்டுக்கல்லில் இருந்தது, இப்போது மூடிவிட்டார்கள். மதுரைக்குப் போனேன். அழித்து ரீசெட் செய்து கொடுத்து, "கோளாறு இல்லை" என்று எழுதி அனுப்பினார்கள். மாற்றிக் கொடுக்கிற ஏழு நாள் கெடுவும் முடிந்துவிட்டது.

என் கேள்வி இதுதான். எனக்கு வந்த பீஸ் மட்டும் இப்படியா, இல்லை கம்பெனியே இப்படி ஆகிவிட்டதா? இந்தப் போனை வைத்துக்கொண்டு சேலையைச் சேலையாகவே காட்ட வழி இருக்கிறதா?

---

கணக்குப்பிள்ளை_கோவை எழுதியது:

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஒரு கணக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2018இல் மொபைல் போனுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதம். 2020 ஏப்ரல் 1 முதல் 18. அப்படியானால் உங்கள் பழைய போனின் விலையில் வரி போக 12,500. புதியதில் வரி போக 15,250 சொச்சம். ஏழு வருஷ விலைவாசியை வைத்துப் பார்த்தால் அன்றைய 12,500க்கு ஈடாக இன்று 17,000க்கு மேல் கொடுக்க வேண்டும். அதாவது நீங்கள் கூடுதலாகக் கொடுத்த மாதிரித் தெரிகிறது, உண்மையில் ஒரு படி கீழே உள்ள போனைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. இந்த விலையில் வருகிற போன்களில் பலவற்றைப் பெயர் போட்ட கம்பெனி தானே வடிவமைப்பதில்லை. சீனாவில் ஹுவாசின், லாங்சீர் மாதிரி ஒப்பந்த நிறுவனங்கள் இருக்கின்றன, பல பிராண்டுகளுக்கு அவர்களே வடிவமைத்துச் செய்தும் கொடுக்கிறார்கள். உங்கள் போன் அந்த வகையா என்று எனக்குத் தெரியாது. பெயரை நம்பி வாங்குகிற காலம் மலையேறிவிட்டது, மாடலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

---

சுங்குடிக்காரி எழுதியது:

அண்ணா, கணக்குச் சரிதான். ஆனால் விலையை ஏற்ற முடியாது, ஒரு படி கீழே இறங்குகிறோம் என்று கம்பெனி பெட்டியில் எழுதவில்லையே. நூல் விலை ஏறியதும் நான் 650 சேலையை 850 ஆக்கினேன். நைசாகப் பிரிண்டை வைத்துக் கைமுடிச்சு என்று கொடுக்கவில்லை.

---

செல்டாக்டர்_மதுரை எழுதியது:

தங்கச்சி, நான் பதினெட்டு வருஷமாகச் செல்போன் ரிப்பேர் பார்க்கிறேன். முதலில் அவசரமான விஷயம். அந்த உப்பின போனை எங்கே வைத்திருக்கிறீர்கள்? சார்ஜ் போடாதீர்கள், மூடியை அமுக்கிப் பொருத்தப் பார்க்காதீர்கள், ஊசி கீசி வைத்துக் குத்தவே கூடாது. பேட்டரிக்குள் வாயு சேர்ந்துதான் உப்புகிறது. ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். நல்ல கடையாகப் பார்த்துப் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது 108. உங்கள் பீஸ் கெட்ட பீஸ் இல்லை, இந்த விலையில் வருகிற 108 எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. அந்தச் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் துளியூண்டு இருக்கும், தனித்தனியாக அதற்கு வெளிச்சம் போதாது. அதனால் ஒன்பது பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்குவார்கள். 108ஐ ஒன்பதால் வகுங்கள், 12 வரும். சாதாரணமாக நீங்கள் கிளிக் செய்கிற படம் பழைய போனில் இருந்த அதே 12தான். கூட இருக்கிற இரண்டு வட்டக் கண்ணாடியும் 2 மெகாபிக்சலாக இருக்கும், பாருங்கள். அது திருஷ்டிப் பொட்டு.

கோளாறு நடப்பது அதற்கு அப்புறம். படம் எடுத்ததும் போனுக்குள் ஒரு சமையல் நடக்கிறது. படத்தில் புள்ளி புள்ளியாகக் கரகரப்பு தெரியக்கூடாது என்று முதலில் வழிக்கும். வழித்ததில் மொழுமொழு என்று ஆகிவிட்டதே என்று ஓரத்தை எல்லாம் கூர்மையாக்கும். நீங்கள் சொன்ன கறுப்புப் பேனா ஓரம் அதுதான். உங்கள் சுங்குடிக் கசிவு அந்தக் கணக்குக்கு வெறும் அழுக்கு, அதனால் துடைத்துவிடுகிறது. அடுத்து "ஏஐ" என்ற பொத்தான் போட்டிருந்தால் பூ என்றும் சாப்பாடு என்றும் அதுவாகவே முடிவு கட்டி நிறத்தை ஏற்றும். உங்கள் அரக்குச் சேலையைச் சாம்பார் என்று நினைத்திருக்கும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஏஐ, எச்டிஆர், பியூட்டி மூன்றையும் அணைத்துவிடுங்கள். கேமராவில் "ப்ரோ" பகுதிக்குப் போய் டபிள்யூபி, அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டுகிற அளவு, அதைத் தானியங்கியில் இருந்து எடுங்கள். சேலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, தாள் திரையிலும் வெள்ளையாகத் தெரிகிற வரை நகர்த்தி நிறுத்துங்கள். அதன் பிறகு தாளை எடுத்துவிட்டு அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் எல்லாச் சேலையையும் எடுத்து முடியுங்கள். சில போன்களில் ப்ரோவில் எடுத்தால் அந்த வழிக்கிற வேலையும் குறையும். அங்கே சரிப்படவில்லை என்றால் ஓபன் கேமரா என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது, விளம்பரம் வராது, அதிலும் முயன்று பாருங்கள். எல்லாப் போனிலும் அதன் எல்லா வசதியும் வேலை செய்யாது.

வெளிச்சம் முக்கியம். நேர் வெயில் வேண்டாம், காலை நேரத்து நிழல் போதும், போனும் சூடாகாது. வீட்டுக்குள் மலிவான எல்இடி பல்பின் கீழே எடுக்கவே எடுக்காதீர்கள். அதில் அடர் சிவப்பு ஒழுங்காகத் தெரியாது. பல்பு வாங்கினால் அட்டையில் சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்கிற எண், 90க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், சாதாரண பல்பு 80 பக்கம்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு சந்தேகம். உங்கள் புது போன் திரை அமோலெட்டாக இருக்கும். செட்டிங்கில் டிஸ்பிளேக்குள் போனால் நிறம் "விவிட்" என்று இருக்கும், அதை "நேச்சுரல்" என்று மாற்றிவிட்டு அதே படத்தைப் பாருங்கள். தக்காளியில் பாதி படத்தில் இல்லாமல் திரையில் இருக்கலாம்.

அந்த விளம்பரம் பூட்டுத்திரை செட்டிங்கிலேயே அணைகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அணையும்.

---

சுங்குடிக்காரி எழுதியது:

அண்ணே, முதலில் ஒரு உண்மையை ஒத்துக்கொள்கிறேன். உப்பின போன் அரிசி டிரம்மில் இருந்தது. போன் கெட்டால் அரிசியில் போட வேண்டும் என்று மாமியாருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தண்ணீரில் நனைந்த போனுக்குத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. உங்கள் பதிலைப் படித்ததும் எடுத்து வாசலில் மண்சட்டியில் வைத்துவிட்டேன்.

திரையை நேச்சுரல் ஆக்கினேன். நீங்கள் சொன்னது சரி, தக்காளி பாதி குறைந்தது. அந்த ஓசூர் அக்காவுக்கு அனுப்பிய படத்தையே மறுபடி திறந்து பார்த்தேன், செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அரக்கு அது இல்லை, ஆனால் அவர் போனில் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசிக்க வைத்தது. கம்பெனியை நான் திட்டியதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த நாள் காலை ஏழரைக்குத் திண்ணையில் வெள்ளைத்தாள் வைத்து எடுத்தேன். அரக்கு, அரக்காகவே வந்தது. துணியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு நூல் வித்தியாசம், அவ்வளவுதான். கத்தரிப்பூ இன்னும் நீலம் பக்கம் சாய்கிறது. சூடும் ஆகவில்லை. விளம்பரத்தை அணைக்கிற இடம் மூன்று பக்கம் உள்ளே ஒளிந்திருந்தது, மகள் கண்டுபிடித்து அணைத்தாள்.

புள்ளி மட்டும் மாறவில்லை. ப்ரோவிலும் மொழுமொழு, அந்த ஆப்பிலும் மொழுமொழு. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு முடிச்சும் சட்டைப் பித்தான் மாதிரி இருக்கிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்ட கைக்கு இதைவிட அவமானம் இல்லை.

---

நுகர்வோர்_நண்பர் எழுதியது:

அம்மா, நான் ஓய்வு பெற்ற அரசு ஊழியன், நுகர்வோர் வழக்குகளில் சிலருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு குறைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். "படம் எனக்குப் பிடித்த மாதிரி வரவில்லை" என்று போனால் நிற்காது. "சூடாகிக் கேமரா தானாக மூடுகிறது, சர்வீசுக்குக் கொடுத்தும் சரியாகவில்லை" என்பது குறைபாடு. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை மூடும்போது வேறு போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மதுரை சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுத்த சீட்டை, ஜாப் ஷீட் என்பார்கள், பத்திரமாக வையுங்கள். எதையும் வாயால் சொல்லாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். பிறகு 1915க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன.

முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், மதுரைக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. குறை எழுந்ததில் இருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே பதியலாம், வக்கீல் கட்டாயம் இல்லை.

எதிர்த்தரப்பு ஒன்று சொல்லிப் பார்க்கும். "இவர் வியாபாரத்துக்காக வாங்கினார், இவர் நுகர்வோரே இல்லை" என்பார்கள். பயப்படாதீர்கள். தன் பிழைப்புக்காகத் தானே செய்யும் சுயதொழிலுக்கு வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று சொல்ல முடியாது, சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. பில் உங்கள் பெயரில்தானே இருக்கிறது?

---

சுங்குடிக்காரி எழுதியது:

பில் என் பெயரில்தான் ஐயா. வீடியோ எடுக்கிற வாய்ப்பு இந்த ஞாயிற்றுக்கிழமையே கிடைத்தது. மத்தியானம் வேண்டுமென்றே வெயிலில் நின்று படம் எடுத்தேன், பன்னிரண்டாவது படத்தில் மூடிக்கொண்டது. என் நாத்தனார் அவள் போனில் அதைப் பதிவு செய்தாள். அவளும் நான் சொல்லி அதே கம்பெனி வாங்கியவள்தான், 2019 மாடல், அது இன்னும் ஓடுகிறது. வீடியோ எடுத்துக்கொண்டே, "எனக்கு நல்ல போனாகச் சொன்னே, உனக்குச் சொல்ல ஆள் இல்லாமப் போச்சு" என்றாள். அந்தப் பேச்சும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது, வெட்ட வேண்டுமா என்று சொல்லுங்கள்.

1915இல் பதிந்துவிட்டேன். கம்பெனியில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டார், மரியாதையாகவே பேசினார். மதர்போர்டு மாற்றிப் பார்க்கிறோம் என்கிறார். எழுத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, இப்போது உங்களுக்கு. பழைய போனை ஏன் தூக்கிப் போடாதே என்றீர்கள் என்று புரிந்துவிட்டது. திண்டுக்கல்லில் பேட்டரி மாற்றினேன், 1,100 ரூபாய். கடைக்காரத் தம்பி பழைய பேட்டரியைக் காட்டினான், அப்பளம் பொரித்த மாதிரி இருந்தது. சிம் போடவில்லை, பணம் அனுப்புகிற ஆப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இனி அது வெறும் கேமரா. காலையில் திண்ணையில் அதில் எடுக்கிறேன், எடுத்ததை வைஃபையில் புது போனுக்கு மாற்றி, அங்கிருந்து வாடிக்கையாளருக்கு அனுப்புகிறேன். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது, அதனால் புள்ளி தெரிய வேண்டிய படத்தை மட்டும் டாக்குமெண்டாக அனுப்புகிறேன்.

"இது பிரிண்ட்தானே" என்று கேட்டவருக்கும் பழைய போன் படம் ஒன்று அனுப்பினேன், ஒரே ஒரு முடிச்சு, மிகப் பக்கத்தில். வளையம், நடுப்பொட்டு, ஓரத்தில் கசிவு எல்லாம் இருந்தது. அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம், "ரெண்டு வேணும்" என்று வந்தது.

17,999 ரூபாய்ப் போன் இப்போது என் வீட்டில் தபால்காரர் வேலை பார்க்கிறது.

---

கணக்குப்பிள்ளை_கோவை எழுதியது:

வெட்ட வேண்டாம், நாத்தனார் சாட்சி பலமாக இருக்கிறது. புது பேட்டரி 1,100 ரூபாய், ஒரு வருஷம் ஓடினாலே மாதம் நூறுகூட ஆகாது. இந்தக் கணக்கில் நான் தோற்றுவிட்டேன்.

---

செல்டாக்டர்_மதுரை எழுதியது:

பழைய போனை ராத்திரி முழுக்கச் சார்ஜில் விடாதீர்கள் தங்கச்சி, 80 சதவீதம் வந்ததும் எடுத்துவிடுங்கள், அந்தப் பேட்டரி இன்னும் கொஞ்ச நாள் கூடுதலாக வரும். மதர்போர்டு மாற்றக் கொடுப்பதற்கு முன் புதியதில் *#06# அடித்து வருகிற ஐஎம்இஐ எண்ணை, அதுதான் போனின் அடையாள எண், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்போது எண் மாறியிருந்தால் அதையும் ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் அந்த அரக்கு, மஞ்சள் கரை இன்னும் இருக்கிறதா? வீட்டில் இந்த இழையைப் படித்துக் காட்டினேன், தப்புச் செய்துவிட்டேன்.

---

சுங்குடிக்காரி எழுதியது:

ஓசூரில் இருந்து திரும்பி வந்தது இருக்கிறது அண்ணே. மடிப்புக்கூடப் பிரிக்கவில்லை. நாளைக் காலை படம் அனுப்புகிறேன், பழைய போனில் எடுத்து. அண்ணி எந்தப் போனில் பார்ப்பார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள், விவிட்டை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.